செகிஞ்சான்: சாலைக்கு ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல்

சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்கில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் இருக்கிறது செகிஞ்சான். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கோல சிலாங்கூரைத் தாண்டி, தஞ்சோங் காராங் வழியாக வடக்கே போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை நேராக ஊருக்குள் கொண்டுபோய் விடும். சாலைக்கு மேற்கே மீனவர்களின் பாகான், அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை. கிழக்கே கண்ணுக்கு எட்டிய வரை நெல்வயல்.

ஊரில் சீனர்களே அதிகம். சுற்றியுள்ள கம்போங்குகளில் ஜாவா, பஞ்சார் வழிவந்த மலாய்க்காரர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். ஊரின் பெயரைச் சீனத்தில் எழுதும்போது அந்த எழுத்துகளுக்கு ‘பயிரிட ஏற்ற கிராமம்’ என்று பொருள் வருகிறது. நம்மவர்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வார இறுதியில் வந்து போகிறவர்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நாற்று நட்ட குடும்பங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பால்மரத்திலும் செம்பனையிலும் காலம் கழித்துவிட்டு, இங்கே வந்து வயலைப் படம் பிடிக்கிறார்கள். வெள்ளைக்காரன் நம் ஆட்களை எந்த வேலைக்காக அழைத்து வந்தானோ, அதன் கணக்கு இது.

இந்த நிலம் தானாக விளைந்த நிலம் அல்ல. கடலோரம் சதுப்பும் களிமண்ணும். உள்ளே போகப் போக கரிச்சதுப்புக் காடு. 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம்தான் இதை வயலாக்கியது. பெர்ணம் ஆற்றில் தடுக்கும் நீரைக் கால்வாய் வழியாகச் சதுப்புக் காட்டை ஒட்டிக் கொண்டுவந்து தெங்கி ஆற்றில் சேர்க்கிறார்கள். அங்கிருந்து பெரிய வாய்க்கால் ஒன்று கடற்கரைக்கு இணையாக ஓடி, கிளை வாய்க்கால்களுக்குப் பங்கு வைக்கிறது. மேற்கே கடல்நீர் ஏறிவிடாமல் மண்கரை காவல் நிற்கிறது. அலை ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்கும் மதகுகள் வழியாக வயலின் மிச்ச நீர் கடலுக்குப் போகிறது. கரை உடைந்து உப்புநீர் உள்ளே வந்தால் அந்தப் போகம் போனதுதான்.

திட்டத்தின் நிலங்கள் பெரும்பாலும் 3 ஏக்கர் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டவை. அதனால்தான் மேலிருந்து எடுத்த படங்களில் வயல் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரித் தெரிகிறது. ஆண்டுக்கு இரண்டு போகம். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 4 டன்னை ஒட்டி நிற்க, அதைப்போல் இரண்டு மடங்கு அறுக்கும் விவசாயிகள் செகிஞ்சானில் உண்டு. மண் மட்டும் காரணமல்ல. நிலத்தை ஒரே மட்டமாகச் சமன் செய்வது, விதையை வீசி எறியாமல் இயந்திரத்தால் நாற்று நடுவது, நீரை நேரத்துக்கு விட்டு நேரத்துக்கு வடிப்பது என்று எல்லாவற்றையும் கணக்காகச் செய்கிறார்கள். நெல்லோடு நெல்லாக முளைத்து, அறுப்புக்கு முன்பே மணி உதிர்த்துவிடும் ‘பாடி அங்ஙின்’ என்ற காட்டு நெல்தான் இவர்களின் பெரிய தலைவலி. எலிக்கு மட்டும் மருந்தை நம்பாமல், வயல் நடுவே கம்பம் நட்டு, பெட்டி வைத்துக் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி பழக்கப்பட்டதுதான்.

நெல்லுக்கு அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச விலை டன்னுக்கு 1,200 ரிங்கிட்டாகப் பல ஆண்டுகள் இருந்து, பிறகு 1,300 ஆகி, 2025இல் 1,500 ரிங்கிட்டானது. உரம், பூச்சிமருந்து, இயந்திர வாடகை எல்லாம் ஏறிவிட்ட நிலையில் இது போதாது என்பது விவசாயிகளின் வாதம். அரிசி விலை ஏறினால் முணுமுணுக்கும் நாம், நெல் விலையைப் பற்றிக் கேட்பது குறைவு.

விலையைவிடப் பெரிய கவலை தண்ணீர். பாசனத்துக்குப் பின்பலம் வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காடு. ஏறத்தாழ 80,000 ஹெக்டேர். மழைக்காலத்தில் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்து, வறட்சியில் மெல்லக் கசியவிடும். அந்தக் காட்டை வெட்டினாலோ, கால்வாய் தோண்டி வடித்தாலோ, கரிமண் காய்ந்து தீப்பிடிக்கும். தீ மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காடு எரிந்தால் புகைமூட்டம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அடுத்த வறட்சியில் வயலுக்கு வரவேண்டிய தண்ணீரும் அதோடு போகிறது.

கடல் பக்கம் வந்தால் பந்தாய் ரெடாங். திரெங்கானுவின் ரெடாங் தீவு என்று எண்ணிக்கொண்டு நீச்சலுடையோடு வந்து ஏமாந்தவர்கள் உண்டு. இங்கே நீர் பழுப்பு, மணலில் கிளிஞ்சல். குளிப்பதற்கான கடற்கரை அல்ல. காற்று வாங்க, சூரியன் மறைவதைப் பார்க்க ஏற்ற இடம். கரையில் சிறிய சீனக் கோயில் ஒன்றும், சிவப்புத் துணிகள் தொங்கும் வேண்டுதல் மரமும் இருக்கின்றன. நாணயம் கட்டிய சிவப்புத் துணியில் வேண்டுதலை எழுதி மேலே எறிகிறார்கள். கிளையில் சிக்கினால் பலிக்கும் என்பது நம்பிக்கை. நம் பிள்ளைகளும் தேர்வு முடிவுக்காக எறிவதைப் பார்க்கலாம். பாகானில் படகுகள் அலையின் ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் போகும், வரும். படகு வந்த நேரத்தில் போனால் மீன் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும்.

பச்சை வயல் பார்க்க ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. பொன்னிறம் வேண்டுமானால் ஜூன், டிசம்பரை ஒட்டி வரலாம். தண்ணீர் திறக்கும் அட்டவணையைப் பொறுத்துச் சில வாரம் முன்பின் ஆகும். ஆண்டின் கடைசி அறுப்பு முடிந்ததும் நமக்குப் பொங்கல் வந்துவிடும். புது அரிசி அங்கேயே பொட்டலமாக விற்கிறது.

வரப்பு நடைபாதை அல்ல. சனி, ஞாயிறுகளில் படத்துக்காக வயலில் இறங்கி நாற்றை மிதித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி விவசாயிகள் புகார் சொல்கிறார்கள். காரை வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தினால், பின்னால் அறுவடை இயந்திரம் வர வழிவிட்டு நிறுத்துங்கள்.