மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல்

மாநிலச் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதா சட்டமாவதற்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது இந்திய அரசமைப்பின் 200ஆம் பிரிவு. அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாதவற்றை மறுபரிசீலனைக்காகப் பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். பேரவை அதை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. திருப்பி அனுப்புவதைக் கூடிய விரைவில் செய்ய வேண்டும் என்று பிரிவு சொல்கிறதே தவிர, நாள் கணக்கு எதையும் குறிக்கவில்லை. ஆளுநர்களுக்கும் மாநில அரசுகளுக்கும் இடையிலான பிணக்கு முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010இல் ஆறு மாதக் கெடுவைப் பரிந்துரைத்தது. அரசமைப்பில் அது ஏறவேயில்லை.

தமிழ்நாட்டில் ஆளுநரிடம் கிடப்பில் கிடந்தவற்றில் அ.தி.மு.க. ஆட்சியில், 2020இல் நிறைவேறிய மசோதாக்களும் உண்டு. ஆகவே இதை ஒரு கட்சியின் மனக்குறையாக மட்டும் பார்ப்பது சரியாகாது. துணைவேந்தர் நியமன அதிகாரம் தொடர்பானவையே பெரும்பாலானவை. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடிய பிறகு, 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவி 10 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் நடத்தி அவற்றைப் பேரவை மறுபடியும் நிறைவேற்றியது. அவரோ அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அச்செயல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 142ஆம் பிரிவின் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. ஆளுநருக்குச் சூழலைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம் எனக் கெடுவும் விதித்தது. ஆளுநரின் கையெழுத்து இல்லாமலே அவை சட்டங்களாக அரசிதழில் வெளியாயின.

அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143ஆம் பிரிவின்படி 14 கேள்விகளை நீதிமன்றத்தின் முன் வைத்தார். தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐவர் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று கருத்துரைத்தது: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் இடமில்லை. அதே சமயம், பேரவைக்குத் திருப்பாமல் ஆளுநர் மசோதாவை வெறுமனே முடக்கிவிடவும் கூடாது. காரணமின்றி நெடுநாள் இழுத்தடித்தால் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் பணிக்கலாம். என்ன முடிவு என்று சொல்லலாகாது.

மாநிலங்களுக்கு மிஞ்சிய இந்த வழி குறுகலானது. தாமதம் நேரும்போதெல்லாம் வழக்குத் தொடுத்தாக வேண்டும். நிலையான கெடு வேண்டுமெனில் 200ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு தேவை.