செங்கழுகும் கரும்பூனையும்

சென்ற குளிர்காலத்தில் இந்நகரில் நடந்த பழைய மோட்டார் வண்டிகளின் அணிவகுப்பிற்கு நம் காலனி அன்பர்கள் சிலர் குடும்பத்தோடு சென்றிருந்தோம். குழந்தைகள் ஓடிப்போய் நின்றது இரண்டாவது உலக மகாயுத்த காலத்து ஜீப் ஒன்றின் முன்னால். அன்றுதான் வாங்கியதுபோல் அது பளபளத்தது. பானெட்டின்மேல் வெள்ளை நட்சத்திரம். பம்பரில் சிவப்புக் கழுகு. பக்கத்தில், 'பர்மா யுத்தத்தில் பங்கேற்றது' என்று ஓர் அறிவிப்புப் பலகை.

எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் கழுகையே பார்த்தபடி நின்றுவிட்டார். அவருடைய தந்தையார் மதராஸ் சாப்பர் படையைச் சேர்ந்தவர். 1942-இல் பர்மாவிலிருந்து கால்நடையாகப் பின்வாங்கி வந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்படத்தில் தந்தையார் சாய்ந்து நிற்கும் லாரியில் காணப்படுவது கழுகன்று, ஒரு பூனை. "அப்பா போன இடத்திற்கு இந்தக் கழுகு வந்ததே இல்லையே" என்றார் பெரியவர்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. செங்கழுகு, நான்காவது இந்திய டிவிஷனின் சின்னம். அந்த டிவிஷன் 1941-இல் எரித்ரியாவின் கெரன் மலைகளிலும், பின்னர் வட ஆப்பிரிக்கப் பாலையிலும், 1944-இல் இத்தாலியின் கசினோவிலும் போரிட்டது. பர்மாவில் அது போரிடவேயில்லை. கறுப்புப் பூனையோ பதினேழாவது டிவிஷனுக்கு உரியது. 1942 பிப்ரவரியில் சிட்டாங் பாலம் தகர்க்கப்பட்டபோது அதன் வீரர்களில் பெரும்பகுதியினர் அக்கரையில் சிக்கிக்கொண்டனர். அதே டிவிஷன்தான் 1945 மார்ச்சில் மெய்க்டிலாவைக் கைப்பற்றியது. அன்றியும், பின்வாங்கிய நாட்களில் அதன் சின்னம் மின்னற்கீற்று. பூனை பிறகு வந்தது. ஆகவே சிட்டாங் காலத்து வண்டியில் பூனையை வரைந்தாலும் தவறுதான்! பாலைவனத்திற்கும் பர்மாவிற்கும் பொதுவான சின்னம் வேண்டுமென்றால், ஐந்தாவது டிவிஷனின் செவ்வட்டத்தைச் சொல்லலாம்.

இச்சின்னங்களில் எழுத்து இராததற்குக் காரணம் உண்டு. டிவிஷனின் பெயர் பகைவனுக்குத் தெரியலாகாது. நம்மவர்க்கோ பார்த்த மாத்திரத்தில் தெரிந்தாக வேண்டும். இரகசியம் கருதி இவற்றையும் அழித்துவிட்டுப் புறப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. வெள்ளை நட்சத்திரம் அமெரிக்கச் சின்னமாகத் தொடங்கிப் பின்னர் ஏனைய நேசநாட்டு வண்டிகளிலும் இடம் பெற்றது. கெரன் போரின்போது அது நம் படைகளில் இல்லை, ஜீப்புமே இன்னும் பெருமளவில் உற்பத்திக்கு வரவில்லை.

எங்களை மிகவும் கவர்ந்தது மஞ்சள் வட்டம். யுத்தகால பிரிட்டிஷ், இந்திய வண்டிகளின் முகப்பில் ஒரு மஞ்சள் வட்டமும் அதனுள் ஓர் எண்ணும் இருக்கும். வண்டியின் பாரத்தைக் கணக்கிட்டு இடப்பட்ட தர எண் அது. பாலம் அமைக்கும் சாப்பர்கள், அது தாங்கக்கூடிய எண்ணைப் பாலத்தருகே எழுதி வைப்பார்கள். வண்டியின் எண் அதைவிடப் பெரிதானால் ஓட்டுநர் வேறு வழி தேட வேண்டியதுதான். பெரியவரின் தந்தையார் போன்றோர் ஆற்று நீரில் நின்று செய்த வேலையின் கணக்கு அந்தச் சிறு வட்டத்திற்குள் அடங்கியிருந்தது. நாங்கள் பார்த்த ஜீப்பில் கழுகிற்கு இடமிருந்தது, மஞ்சள் வட்டத்திற்கு இல்லை.

முறையாகச் செப்பனிடுவோர் தூரிகையைத் தொடுமுன் உப்புத்தாளைத் தொடுவார்கள். ஈரம் சேர்த்து மெல்லத் தேய்த்தால், மேல் வர்ணத்தின் அடியிலிருந்து பழைய எண்ணின் ஓர் ஓரம் தலைகாட்டக்கூடும். அது கிட்டினால் படப்புத்தகங்களைவிட மேலான சான்று. வர்ணமும் மங்கலாகவே இருத்தல் வேண்டும். பளபளப்பு, ஆகாயத்திலுள்ள பகைவனுக்கு அழைப்பு விடுப்பதாகும். போருக்குப் பின் வந்த ஜீப்பை யுத்த ஜீப்பாக்கி விற்போரும் உண்டு. முகப்பின் நெடும் பிளவுகளை எண்ணிப் பாருங்கள்: யுத்தகாலத்து வண்டிக்கு ஒன்பது, பின்னால் வந்தவற்றிற்கு ஏழு.

அன்று பார்த்த வண்டிக்கு ஒன்பது பிளவுகள் இருந்தன. உரிமையாளர் நல்ல மனிதர். ஒரு படத்தில் அழகாக இருந்ததால் கழுகை வரையச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். பெரியவர் தம் தந்தையாரின் படத்திற்குப் பிரதி எடுத்து மறுநாளே அவரிடம் கொடுத்தார். பூனையை வரையுமாறு கேட்கவில்லை. இந்த ஜீப் எந்த டிவிஷனில் இருந்தது என்பதற்குத்தான் சான்றில்லையே! இரண்டு மாதங்களுக்குப் பின் அவ்வழியே போனபோது பார்த்தோம். பலகையைக் காணோம். கழுகு இருந்த இடத்தில் வெறும் பச்சை; அதன் ஓரத்தில் உப்புத்தாள் தேய்த்த தடம்.