மதுரையைவிடப் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணம்



பழைய மாணவி ஒருத்தி தன் மகளுக்கு யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசுகிறாள். "எவ்வளவு தூரம் சார், விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா?

அட்லஸை எடுங்கள். சென்னை 13 பாகை வடக்கு. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 9.8 பாகை. இரண்டுமே 80 பாகை தீர்க்கரேகையை ஒட்டியவை. அதாவது நேர் தெற்கே. வித்தியாசம் 3.2 பாகை, பாகைக்கு 111 கி.மீ. பெருக்கினால் சுமார் 355 கி.மீ. வான்வழியில் மதுரையே 400-க்கு மேல்!

ஆனால் இந்த நேர்கோட்டில் மனிதர்கள் போன காலம் குறைவு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில். யாழ்ப்பாணத்துக்காரர்கள் மதவாச்சியில் இறங்கி வடக்கே போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். தெற்கே போய்த் திரும்ப வடக்கே வருவது அப்போதே இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் 80-களின் தொடக்கம் வரை ஓடியது.

வான்வழி 1947-இல் வந்தது. அந்த டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் (நம் பலாலிதான்) இறங்கி, சென்னை வந்தது. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது.

1983-க்குப் பின் எல்லாம் நின்றது. பலாலி ராணுவத்திடம் போனது. சுற்றியிருந்த ஊர்கள் 1990-இல் காலியாயின. அதன்பின் யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் கொழும்புக்கு 650 கி.மீ. பறந்து, அங்கிருந்து தரைவழியே 400 கி.மீ. 355 கி.மீ. தூரம் 1,050 ஆனது. ஏ-9 சாலை மூடியிருந்த ஆண்டுகளில் அதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் படகில் வந்து என் வகுப்பில் சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். அப்பத்தாவை "அப்பாச்சி" என்பான். பலாலிக்குப் பக்கத்து ஊரில் இருந்த அந்த அப்பாச்சி இறந்த செய்தி அவனுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. சாப்பாட்டு மணி அடித்தும் பெஞ்சை விட்டு எழவில்லை.

2019 நவம்பர் 11 அன்று அலையன்ஸ் ஏர் சென்னை–யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. ஏ.டி.ஆர். என்னும் சிறிய, விசிறி வைத்த விமானம். மணிக்கு 500 கி.மீ. போகக்கூடியது. ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி. நம் தாம்பரம் நெரிசலுக்கு இது எவ்வளவோ மேல்!

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. போய்விட்டு வந்து போன் செய்தான். கோடியக்கரை ஜன்னலில் மறைந்த சற்று நேரத்தில் இறங்கிவிட்டார்களாம். அப்பாச்சி வீட்டில் கிணறு மட்டும் இருக்கிறதாம்.

2023-இலிருந்து நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலும் விட்டுவிட்டு ஓடுகிறது. எதில் போனாலும் பாஸ்போர்ட் வேண்டும்.

போட் மெயிலில் போன பெரியவர்கள் யாராவது நம் உறவில் இருந்தால் கேட்டு எழுதுங்கள். முக்கியமாக, தனுஷ்கோடியில் கப்பல் ஏறிய கதை வேண்டும்.