‘நான் ஒரு மனிதன்’: ஒரு பதாகை எழுத்தின் கதை



‘மார்ட்டின்’ என்று ஓர் ஆங்கில எழுத்துரு உண்டு. தடித்த, நெருக்கமான, உயரமான எழுத்துக்கள். கணினியில் செய்யப்பட்டதாயினும் கையால் அச்சடித்தது போன்ற தோற்றம் உடையது. அமெரிக்கக் கறுப்பின வடிவமைப்பாளர் ட்ரே சீல்ஸ் தமது ‘வோக்கல் ரைப்’ நிறுவனத்தின் மூலம் இதை வெளியிட்டார். இந்த எழுத்து பிறந்த இடம் ஒரு வேலைநிறுத்தம்.

1968 பெப்ரவரி 1ஆம் திகதி, ரெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் கடும் மழை. மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், றொபேட் வோக்கர் என்ற இரு துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பை வண்டியின் நசுக்கும் இயந்திரம் திடீரென இயங்கியதால் உயிரிழந்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நகரம் கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும், ஈமச்சடங்குச் செலவுக்கு 500 டொலரும். கணக்குப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஓர் உயிருக்கு எழுதப்பட்ட இந்தத் தொகையைக் கடந்து போக முடியவில்லை. முழுநேரம் உழைத்தும் அரச உதவிப்பணத்துக்குத் தகுதி பெறுமளவுக்குப் பலரது சம்பளம் குறைவாக இருந்தது.

பெப்ரவரி 12ஆம் திகதி ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. அவர்களது தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க நகர மேயர் ஹென்றி லோப் மறுத்தார்.

ஊர்வலங்கள் கிளேபோர்ன் ரெம்பிள் தேவாலயத்திலிருந்து புறப்பட்டன. பதாகைகள் அச்சானதும் அங்கேதான். வாசகம் நான்கே சொற்கள்: ‘ஐ ஆம் எ மேன்’, அதாவது ‘நான் ஒரு மனிதன்’. ‘ஆம்’ என்ற சொல்லின் கீழ் ஒரு தடித்த கோடு. வளர்ந்த ஆண்களையும் ‘பையா’ என்று அழைத்த சமூகத்துக்கு அதுவே பதில். 1787இல் பிரித்தானியாவில் அடிமைமுறைக்கு எதிரானவர்கள் பரப்பிய பதக்கத்தில், ‘நான் ஒரு மனிதனும் சகோதரனும் அல்லவா?’ என்ற கேள்வி இருந்தது. மெம்பிஸில் அந்தக் கேள்விக்குறி போய்விட்டது.

எழுத்து ஏன் இப்படி? ஒடுங்கிய எழுத்தானால் அட்டையின் அகலத்துக்குள் அடக்கிக்கொண்டே உயரத்தைக் கூட்டலாம். தடித்தால் தூரத்திலிருந்தும் வாசிக்கலாம். சுவரொட்டிக்காரர்கள் கண்ட பழைய வழி இது. பெரிய ஈய எழுத்துக்கள் பாரமும் விலையும் கூடியவை என்பதால், டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் செதுக்கி, 1828இல் நியூயோர்க்கில் மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். அதன்பின் சிறிய அச்சகங்களும் பெரிய எழுத்தில் பேச முடிந்தது.

மார்ச் 28ஆம் திகதி ஊர்வலத்துக்குத் திரண்டவர்களை ஏர்னஸ்ட் விதர்ஸ் எடுத்த படத்தில், வரிசையாக நிற்கும் அத்தனை பேரும் ஒரே பதாகையை ஏந்தியிருக்கிறார்கள். ஆதரவு தர வந்த கிங், ஏப்ரல் 4ஆம் திகதி அதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ஆம் திகதி தொழிற்சங்கம் அங்கீகாரமும் சம்பள உயர்வும் பெற்றது.

கிளேபோர்ன் ரெம்பிள் 2025 ஏப்ரலில் தீயில் பெரிதும் அழிந்தது. கட்டடத்தை எரிக்கலாம், எழுத்து வேறு கைகளுக்குப் போய்விட்டது. ஊர்வலத்தில் பதாகை பிடித்த கைகள் எங்கள் வீடுகளிலும் உண்டு. அவற்றில் எழுதியிருந்ததை, ஏன் எழுதினோம் என்பதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். பழைய பதாகை ஏதும் வீட்டில் இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.