சோவின் துக்ளக்கும் இப்னு பதூதாவின் துக்ளக்கும்

ஆவுடையார்கோவிலில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், முஹம்மது பின் துக்ளக் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா? நாடகக்காரர்கள் உண்டாக்கிய ஆளா?" என்று ஒருநாள் வினவினான். முன்னுக்குப்பின் முரணான ஆணை எதுவாயினும் 'துக்ளக் தர்பார்' என்று பெயர் சூட்டும் நாட்டில், அவன் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. கி.பி. 1325 முதல் 1351 வரை தில்லியில் அரசோச்சிய பேரரசர், தமிழ் மேடையில் நகைப்புக்குரிய பெயரானது எவ்வாறு?

அந்தப் பெயரை மேடையேற்றியவர் சோ இராமசாமி (1934–2016). வழக்கறிஞரான அவர், தாம் பிறந்த சமயத்தின் சாத்திரங்களில் ஆழ்ந்த பற்றுடையவர். திராவிட இயக்கத்தின் பகுத்தறிவுப் பிரச்சாரத்தை அயராது எதிர்த்தவர். 1967-இல் தமிழகத்தில் ஆட்சி மாறியது. மறு ஆண்டே அவருடைய 'முகமது பின் துக்ளக்' நாடகம் அரங்கேறிற்று.

கல்லறையிலிருந்து துக்ளக்கும் யாத்திரிகர் இப்னு பதூதாவும் உயிருடன் எழுந்து வந்ததாக ஊர் நம்புகிறது. துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறார். மொழிச் சிக்கலுக்குப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கித் தீர்வு காண்கிறார். கட்சி மாறி வந்தோரையெல்லாம் துணைப் பிரதமர்களாக்குகிறார். உண்மையில் அவ்விருவரும், அரசியலின் போலித்தனத்தை வெளிப்படுத்த வேடமிட்ட இளைஞர்கள். முடிவில் ஒருவன் உண்மையைச் சொல்ல முற்படுகிறான். பதவிச் சுவை கண்ட மற்றவனோ தன் நாவன்மையால் மக்களை வசப்படுத்துகிறான். உண்மை சொன்னவன் கூட்டத்தின் சினத்துக்கு இரையாகிறான்.

ஆசிரியரின் கொள்கை முழுவதும் இம்முடிவில் அடங்கியிருக்கிறது. கூட்டம் எளிதில் ஏமாறும். புதுமை பேசி வருவோர் பதவிக்கு அடிமையாவர். தனிமனித நேர்மையன்றி நாட்டுக்கு வேறு காப்பில்லை என்பதே பழமைப் பற்றாளரான அவரது துணிபு. அப்பற்று அவரை அதிகாரத்துக்கு அடிபணியச் செய்யவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1970-இல் 'துக்ளக்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கிய அவர், 1975-இன் நெருக்கடி நிலையைத் துணிந்து எதிர்த்தார்.

கன்னடத்தில் கிரீஷ் கார்னாட் 1964-இல் எழுதிய 'துக்ளக்' நாடகத்தை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கார்னாடின் சுல்தான், உயர்ந்த கனவு கண்டு அக்கனவாலேயே சிதைந்த மனிதர். அவர் வீழும்போது மனம் கனக்கிறது. சோவின் மேடையில் கனவுக்கே இடமில்லை. சீர்திருத்தம் பேசுவோர் அனைவரையும் ஐயத்தோடு நோக்கும் கண்ணுக்கு, சுல்தான் ஒரு முகமூடி மட்டுமே. நாடகத்தின் கூர்மைக்கும் குறைக்கும் காரணம் அந்த ஐயம்தான்.

1971-இல் இந்நாடகம் திரைப்படமானபோது நம்மவரிடையேயும் எதிர்ப்பு எழுந்தது. படத்தில் அல்லாஹ்வைப் போற்றும் பாடல் ஒன்றும் இடம்பெற்றது. வாலி எழுத, எம்.எஸ். விசுவநாதன் பாடினார். நாடகத்தின் அம்பு முஸ்லிம்களை நோக்கியதன்று. வாக்காளரையும் தலைவர்களையும் நோக்கியது. ஆதலின் சினத்துக்குக் காரணமில்லை. ஆனால், முகமூடியையே முகமென்று நம் பிள்ளைகள் கொள்வது வருந்தத்தக்கது.

முகத்தைக் காண இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'வைத் திறக்கவேண்டும். கி.பி. 1333-இல் இந்தியாவுக்கு வந்து, தில்லியில் காழியாகப் பணியாற்றியவர் அவர். தம் சகோதரனைச் சுல்தான் காரணமின்றிக் கொன்றதாக ஓர் இந்துப் பிரமுகர் வழக்கிட்டபோது, சுல்தான் ஆயுதமின்றி நடந்தே காழியின் சபைக்குச் சென்று, தீர்ப்புக்குப் பணிந்ததை அவர் எழுதுகிறார். தம்மால் காரணமின்றி அடிக்கப்பட்ட சிறுவன் ஒருவனின் கையில் கோலைக் கொடுத்து, இருபத்தோரு அடி வாங்கிக்கொண்டதையும் எழுதுகிறார். பஞ்சத்தில் தில்லி மக்களுக்கு ஆறு மாத உணவு வழங்கப்பட்டதும் அதில் உண்டு. அதே ஏட்டில்தான், சுல்தானைக் கொடுங்கோலர் என்று சொன்ன சொல்லை மீட்டுக்கொள்ள மறுத்த ஷைகு ஷிஹாபுத்தீன் கொல்லப்பட்ட செய்தியும் இருக்கிறது. அந்த ஷைகைக் காணச் சென்றதற்காக யாத்திரிகரே காவலில் வைக்கப்பட்டு, உயிருக்கு அஞ்சி நோன்பிருந்தார். கொடையிலும் குருதியிலும் ஒருங்கே வரம்பு கடந்தவர் என்பதே அவர் காட்டும் சுல்தான். கோமாளி அல்லர், குற்றமற்றவரும் அல்லர்.

அரபிகள் 'மஅபர்' என்றழைத்த இக்கிழக்குக் கரைக்கும் இப்னு பதூதா வந்தார். தில்லியிலிருந்து பிரிந்து மதுரையில் தனி சுல்தான்கள் ஆண்ட காலம் அது. 'மஅபர்' என்றால் கடக்கும் துறை என்று பொருள். நாடகத்திலிருந்து சரித்திரத்துக்குக் கடக்கும் துறையும் நமக்கு வேண்டும்.

மாணவனிடம் நான் சொன்னது இதுவே: "நாடகத்தைப் பார், சிரி. அது எழுதியவரின் காலத்தையும் கொள்கையையும் உனக்குக் காட்டும். சுல்தானை அறிய விரும்பினால், அவரிடம் கொடையும் பெற்று, அவருக்கு அஞ்சியும் வாழ்ந்த சாட்சியிடம் கேள்."