ஆண்டர்சன்பேட்டை மளிகைக்கடையும் குளிரின் விலையும்

1902 ஜூன் இறுதியில் காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1905இல்தான். தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது வீட்டுக்காகவோ கடைக்காகவோ அன்று. ஜான் டெய்லர் நிறுவனம் நிருவகித்த சுரங்கங்களுக்காக.

அம்மின்சாரம் தாதுவை மேலேற்றியதோடு நிற்கவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. தமிழ்த் தொழிலாளர் அங்கே மூச்சுவிட வேண்டுமெனில் காற்றைக் கீழே செலுத்தவும் குளிர்விக்கவும் வேண்டியிருந்தது. வெப்பத்தை அழிக்க இயலாது, இடம்பெயர்க்க மட்டுமே இயலும். அதற்கு இடையறாத ஆற்றல் வேண்டும். சுரங்கம் உணர்த்திய பாடம் இது.

அத்தொழிலாளர் குடும்பங்கள் அரிசி வாங்கிய மளிகைக்கடைக்கு இந்தச் சுமை இருந்ததில்லை. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் ஆகியவற்றுக்கு வேண்டியவை ஈரமின்மையும் நிழலும்; குளிர் அன்று. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ள ஊரில், முன்சாய்ப்பும் உயர்ந்த கூரையும் காற்றோட்டமும் சரக்கைக் காக்கப் போதுமானவை. ஆற்றல் சிக்கனம் என்ற சொல் வழங்குமுன்பே அக்கட்டடம் சிக்கனமானது.

பாக்கெட் பால், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம் ஆகியவை சரக்குப் பட்டியலில் சேர்ந்தபோது நிலை மாறியது. விளக்கை அணைக்கலாம், குளிர்பெட்டியை அணைக்க முடியாது. அது உள்ளிருந்து அகற்றும் வெப்பத்தைக் கடைக்குள்ளேயே கொட்டுகிறது. கடை சூடாகச் சூடாகப் பெட்டி மேலும் உழைக்கிறது. வணிகர் மின்விசிறியையும் கூட்டுகிறார். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் மின்செலவில் ஏறத்தாழப் பாதி குளிரூட்டலுக்கே போகிறது.

ஆகவே எல்.இ.டி. விளக்கோடு சிக்கனம் முடிந்துவிடுவதில்லை. திறந்த அடுக்குக்குக் கதவு, தேய்ந்த கதவு ரப்பருக்கு மாற்று, பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடைவெளி, கம்பிச்சுருளில் தூசின்மை, வெயில்படும் சுவருக்கு நிழல் ஆகியவை அடுத்த படிகள். மேல்மூடி கொண்ட உறைபெட்டி திறந்தாலும் குளிரை எளிதில் இழப்பதில்லை. குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே தங்கும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊரின் வருவாயில் பெரும்பங்கு இன்று பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறிச் செல்வோரின் கூலியைச் சார்ந்தது. கூலி தாமதமானால் கடையின் கடன் நோட்டு நீள்கிறது. ஆனால் பால் விற்றாலும் விற்காவிட்டாலும் குளிர்பெட்டி அதே மின்சாரத்தைக் குடிக்கிறது. சிறுவணிகருக்கு ஆற்றல் சிக்கனம் என்பது, கடன் கொடுக்கும் ஆற்றலைக் காத்துக்கொள்வதும்கூட.

மின்சார வரலாறு பெரும்பாலும் அணைகளையும் திவான்களையும் பொறியாளர்களையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. கம்பியின் மறுமுனையில் குளிருக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்டால், சுரங்கத்தோடு மளிகைக்கடையும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும்.