அமெரிக்கன் இல்லாத கரப்பானும் எறும்பு இல்லாத வெள்ளை எறும்பும்

நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து சமையலறை லைட்டைப் போட்டா, சிங்க் ஓரத்துல விரல் நீளத்துக்கு ஒரு செம்பழுப்புக் கரப்பான். புத்தகத்துல இதுக்குப் பேர் அமெரிக்கக் கரப்பான். 1758-இல் லின்னேயஸ் வைத்த பேர். ஆனால் இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதுதான் பூச்சியியலாளர்கள் பலரின் முடிவு. அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களில் ஒளிந்துகொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கும் என்கிறார்கள்.

அதே கப்பல்காரர்களை நம்பித்தான் ஹென்றி ஸ்மீத்மேன் என்ற ஆங்கிலேயரும் பிழைப்பு நடத்தினார். பூச்சி, செடி சேகரிக்க 1771-இல் சியரா லியோன் போனவர். தங்கியது பனானா தீவுகளில், அடிமை வியாபாரிகளுக்கு நடுவே. 1781-இல் ராயல் சொசைட்டி இதழில் அவர் எழுதிய கரையான் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு அடி உயரப் புற்றுகளை உடைத்துப் பார்த்து ராஜா, ராணி, சிப்பாய், கூலியாள் என்று பிரித்தார். ராணி ஒரு நாளில் 80,000 முட்டைக்கு மேல் போடும் என்று கணக்கும் போட்டார். (சிங்க் ஓரத்துக்காரி ஒரு கூட்டில் 16 முட்டையோடு நிறுத்திக்கொள்வாள்!)

பக்கத்திலேயே மனுஷனை மனுஷன் விற்றுக்கொண்டிருக்க, புற்றுக்குள்ள இவர் கண்டது ஒழுங்கான ராஜாங்கம். எனக்கு இது உறுத்தாமல் இல்லை. ஆனால் ஆளு கவனிப்பில் கெட்டி. ஈசலை வறுத்துத் தின்று, ருசி என்றும் எழுதிவைத்தார். மழைக்கு அப்புறம் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை :-)

பேரில் மட்டும் ஒரு சறுக்கல். கரையானைப் பலரும் 'வெள்ளை எறும்பு' என்றே சொல்லிவந்தார்கள். எறும்புக் குஞ்சு புழுவாய்ப் பிறந்து, கூட்டுப்புழுவாகி அப்புறம்தான் எறும்பாகும். கரையான் குஞ்சோ கரப்பான் குஞ்சு மாதிரி பிறக்கும்போதே ஆறு காலோடு வரும். எறும்பில் கூலி வேலை எல்லாம் பெண்களுக்கே. கரையானில் ஆணும் செய்யும்.

1934-இல் கிளீவ்லண்ட் என்பவர், வட அமெரிக்காவில் மரம் தின்னும் ஒரு கரப்பானின் குடலில் கரையான் குடலில் இருப்பது போன்ற நுண்ணுயிர்களையே பார்த்தார். 2007-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் டிஎன்ஏவை வைத்து விஷயத்தை முடித்தார்கள்: கரையான் தனி வரிசையே இல்லையாம், கூட்டமா வாழப் பழகின கரப்பான்தானாம்.

சிங்க் கரப்பானை நான் அடிக்கவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லீங்க, செருப்பைத் தேடி எடுத்து வர்றதுக்குள்ள ஓடிடுச்சு.